அலுவலக மொழி பேசிய மனிதன்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கதை எழுதுகிறவன். என் கதைகளில் கொடியவர்கள் சரியாக அமையாத ஒரு காலத்தில்தான் தத்துவ அறிஞர் ஹன்னா அரெண்ட்டைப் படிக்கத் தொடங்கினேன்.

1933இல் ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதப் பெண் அவர். சர்வாதிகாரத்தின் வேர்களை ஆராய்ந்து 1951இல் அவர் வெளியிட்ட நூலில், வதைமுகாம்களில் நடந்தது அடியாழம்வரை போன தீமை என்றார். மனிதர்களையே வேண்டாத பொருளாக்கிவிடும் தீமை அது. பத்து வருடம் கழித்து, ஜெருசலேமில் அடால்ஃப் ஐக்மன் வழக்கை நேரில் பார்த்தார்; அதைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். யூதர்களை முகாம்களுக்கு ரயிலேற்றி அனுப்பும் ஏற்பாடுகளைக் கவனித்த நாஜி அதிகாரி ஐக்மன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவரிடம் அரக்கத்தனம் எதையும் அரெண்ட் காணவில்லை. தேய்ந்துபோன வாக்கியங்களையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஆளைத்தான் பார்த்தார்.

'அலுவலக மொழிதான் எனக்குத் தெரிந்த மொழி' என்று ஐக்மன் நீதிமன்றத்தில் சொன்னார். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கொலைக்கு 'இறுதித் தீர்வு', 'சிறப்பு நடவடிக்கை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊரைக் காலிசெய்து சாகக் கொண்டுபோவதற்கு 'இடமாற்றம்'. வார்த்தைகளோடு வாழ்கிற எனக்கு அது பெரிய அடி. யாரோ தயார் செய்து கொடுத்த சொல்லை வாங்கிக்கொண்டால், அடுத்தவர் இடத்தில் நின்று யோசிக்கிற வேலையே இல்லாமல் போய்விடுகிறது. தீமைக்கு ஆழம் கிடையாது, பூஞ்சை மாதிரி மேற்பரப்பில் படர்ந்தே உலகத்தை அழித்துவிடும் என்று 1963இல் ஒரு கடிதத்தில் எழுதி, தன் பழைய கருத்தை அரெண்ட்டே திருத்திக்கொண்டார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் ஐக்மன் விஷயத்தில் அவர் ஏமாந்தார் என்றே நினைக்கிறேன். அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்தபோது, தன் கூட்டாளிகளிடம் ஐக்மன் பெருமையாகப் பேசிய ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. அதில் வெறுப்பு அப்பட்டமாகத் தெரிகிறது. நீதிமன்றத்தில் காட்டிய சாதுவான முகம் பெருமளவு வேஷம்தான். அப்படியானால் அரெண்ட் சொன்னது பொய்யா? அந்த ஒரு ஆளுக்குப் பொருந்தாமல் போகலாம். ரயில் அட்டவணை போட்டவர்கள், கையெழுத்து வைத்தவர்கள், முத்திரை குத்தியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்களே, அவர்களில் பலரைப் புரிந்துகொள்ள எனக்கு அவர்தான் வழி.

அப்புறம், ஐக்மன் வழக்கைப் பற்றிய அந்த நூலில் இன்னொருவரும் வருகிறார். அன்டன் ஷ்மிட், ஜெர்மன் ராணுவத்தில் ஒரு சார்ஜென்ட். போலிப் பத்திரங்களும் ராணுவ லாரிகளும் கொடுத்து யூதர்களைக் காப்பாற்றினார், பணம் வாங்காமல். 1942இல் அவரைக் கொன்றார்கள். ஐக்மன் வழக்கில் ஒரு சாட்சி இதைச் சொன்னபோது நீதிமன்றமே இரண்டு நிமிடம் பேச்சற்று இருந்ததாம். ஐக்மனை விட்டுவிட்டு இப்போது ஷ்மிட் மாதிரி ஒருவரைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் லாரியைக் கொடுக்கும்போது அவர் மனதில் என்ன ஓடியது என்ற இடத்திலேயே பல வாரங்களாக நிற்கிறேன்.