கடைசி வீட்டுக் குழாய்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சிறிய ஊரின் குடிநீரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கோ அதற்கு அப்புறம் வரும் குழாயைப் பற்றித்தான் கவலை அதிகம்.

முதலில் நிலையத்தைப் பார்த்துவிடுவோம். ஆற்றுநீரைக் கலங்கலாக்கும் மண்துகள்கள் மிக நுண்ணியவை. அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதப்பதால் தாமாக அடியில் படிவதில்லை. படிகாரம் அந்த விலக்கத்தைப் போக்கிவிடும். பிறகு மெதுவாகக் கலக்கினால் துகள்கள் பஞ்சுபோல் திரண்டு கனத்துப் படியும். வேகமாகக் கலக்கினால் திரண்டது உடைந்துவிடும். மீந்த துகள்களை மணல் வடிகட்டி பிடித்துக்கொள்ளும். தெளிந்த பிறகுதான் குளோரின். கலங்கல் இருந்தால் கிருமிகள் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும், நீரிலுள்ள அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும். தெளிந்த நீரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியபடி குறைந்தது 30 நிமிடம் நிற்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குளோரினுக்காகப் பிளீச்சிங் பவுடர் பயன்படுத்தும் ஊர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெப்பமும் ஈரமும் பட்டால் அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும். போன மாதம் போட்ட அதே அளவு இந்த மாதம் போதாமல் போகலாம்.

அடுத்தது மேல்நிலைத் தொட்டி. 10 மீட்டர் உயரம் நீருக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். மின்சாரம் போனாலும் தண்ணீர் தானே இறங்கி வருவது அதனால்தான்.

இப்போது குழாய்க்கு வருவோம். பழைய குழாயில் கசிவு இருக்கத்தான் செய்யும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை நீர் வெளியே கசியும். அது நஷ்டம், ஆனால் நோய் இல்லை. விநியோகத்தை நிறுத்தியதும் நீர் தாழ்வான பக்கம் வடிகிறது, உள்ளே அழுத்தம் வெளியிலிருப்பதைவிடக் குறைகிறது. அப்போது அதே ஓட்டை வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே வருகிறது. நிலையத்தில் எவ்வளவு பாடுபட்டிருந்தாலும், மறுபடி திறக்கும்போது முதலில் வரும் தண்ணீரை நம்ப முடியாது. நாளில் சில மணி நேரம் மட்டும் நீர் விடும் ஊர்களில் இது தினமும் நடக்கக்கூடியது. சிறிய அளவில் வந்து சேரும் அழுக்குக்கு எதிராக நீரில் எஞ்சியிருக்கும் குளோரின்தான் காவல். வீட்டுக் குழாயில் அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. மெல்லிய குளோரின் வாடை வந்தால் பயப்பட வேண்டாம். காவல் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

இதைச் சோதிப்பது எளிது. குழாயைச் சற்று நேரம் ஓடவிட்டு, நேரடியாகப் பிடித்த நீரில் டிபிடி என்னும் குளோரின் சோதனை மாத்திரையைப் போட்டால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும். ஆனால் எங்கே சோதிக்கிறோம் என்பது முக்கியம். தொட்டியடியில் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். குழாய் முடிகிற தெருவில், கடைசி வீட்டில் பாருங்கள். அங்கே நிறம் வரவில்லை என்றால், மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் அந்த முனையில் தேங்கிய நீரைத் திறந்துவிட்டுக் குழாயைக் கழுவி, கசிவைத் தேடச் சொல்லுங்கள். சரியாகும்வரை அந்தத் தெருவினர் நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கட்டும்.