தோள் நோகாத தோட்டா

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் வேட்டைக்குப் போகும் பலர் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமர், அளந்த வெடிமருந்து, புதுக் குண்டு. நானும் பல வருடமாக இதைச் செய்கிறேன். மேக்னம், அதாவது பெரிய கூட்டில் நிறைய மருந்து கொள்ளும் தோட்டாவைச் சுடும் ரைஃபிளுக்கு, வேகம் குறைந்த தோட்டா தயாரிப்பதைப் பற்றி இன்று சொல்கிறேன்.

1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம், 180 கிரெயின் (சுமார் 11.7 கிராம்) எடையுள்ள குண்டை நொடிக்கு ஏறத்தாழ 2,950 அடி வேகத்தில் தள்ளும். அந்த உதை தோளில்தான் விழும். புதிதாகச் சுடப் பழகும் பிள்ளை, இரண்டாவது முறை விசையில் விரல் வைக்கும்போதே கண்ணை மூடிக்கொள்ளும். அந்தப் பயம் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. 100 கெஜத்தில் நிற்கும் மானுக்கு அவ்வளவு வேகம் தேவையும் இல்லை. 1895-ல் வந்த .30-30 தோட்டா சுமார் 2,200 அடி வேகத்திலேயே இன்றுவரை மான் வீழ்த்துகிறது.

சரி, மருந்தைக் குறைத்தால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. மேக்னத்தின் பெரிய கூட்டுக்கு வழக்கமாகப் போடுவது மெதுவாக எரியும் மருந்து. அதையே பாதியாகக் குறைத்தால் கூட்டுக்குள் படுத்துக்கிடக்கும், சீராகப் பற்றாது. சில சமயம் அழுத்தம் திடீரென எகிறி ரைஃபிளே சிதறியிருக்கிறது. காரணம் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. சிதறிய துப்பாக்கிகள் நிஜம்.

அதனால் நான் எடுப்பது எச்4895. குறைந்த அளவிலும் ஒழுங்காக எரியும் மருந்து. உங்கள் தோட்டாவுக்கும் குண்டுக்கும் அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் கையேட்டில் எச்4895 அளவு இருந்தால், அதன் உச்ச அளவு 100 என்றால் 60 வரை இறங்கலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதற்குக் கீழே வேண்டாம். வேறு மருந்துக்கு இந்தக் கணக்கைப் போடவே கூடாது.

ஒருநாள் மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசிவிட்டு வந்து, குண்டு பொருத்தும் முன் வரிசையாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கூட்டின் அடியில் வெறும் பித்தளை பளபளத்தது. அதைச் சுட்டிருந்தால் பிரைமரின் பலத்தில் குண்டு குழலுக்குள் போய்ச் சிக்கியிருக்கும். அடுத்த வெடியில் குழல் பிளந்திருக்கும். அப்புறம் அந்த அறைக்குள் போனை எடுத்துப்போவதே இல்லை.

குண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மேக்னம் வேகத்துக்கென்று செய்த கெட்டியான குண்டு, இந்த வேகத்தில் விரியாமல் ஊடுருவிப் போகலாம். மான் காயத்தோடு ஓடிவிடும். மெல்லிய உறை கொண்ட குண்டே நல்லது. குண்டு படும் இடமும் கீழே இறங்கும். ரைஃபிள் மேலுள்ள தொலைநோக்கியைத் திருத்தாமல் காட்டுக்குப் போகாதீர்கள். நான் இந்தத் தோட்டாக்களைத் தனி டப்பாவில் போட்டு, மருந்தின் பெயர், எடை, தேதி எழுதிச் சிவப்புத் தாள் ஒட்டிவைக்கிறேன்.