திருத்தினால் போதாது, நீக்க வேண்டும்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, யாழ்ப்பாணத்துப் பெரியோரே, பிள்ளைகளே, வணக்கம். மக்களாட்சிக்குத் திரும்புகிற நாடு அடக்குமுறைச் சட்டங்களைத் திருத்தினாற் போதுமா, முற்றாக நீக்க வேண்டுமா? நீக்க வேண்டும் என்பது எங்கள் அணி.

"படிப்படியாகத் திருத்துவோம்" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 ஜூலையில் மூன்று வருடத்துக்கென்றுதான் வந்தது. டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழி என்ற கட்டளையோடு அதே மாதம் ஒரு படைத் தளபதியை இங்கே அனுப்பினார்கள். 1982இல் சட்டம் நிரந்தரமாயிற்று. படிப்படியாக வந்தது அதுதான்!

2022இல் திருத்தினார்களே என்பீர்கள். 18 மாதத் தடுப்புக்காவலை 12 மாதமாக்கினார்கள், சரி. 16ஆம் பிரிவை ஏன் தொடவில்லை? உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அங்கே சாட்சியம். அடித்து வாங்கியது என்றால் அதை நிரூபிக்க வேண்டியவரும் அடி வாங்கியவரே. கொழும்பில் பொலிசார் விசாரிக்கும் நாலாம் மாடியில், கதவு பூட்டிய அறையில் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்? வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்த எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்! 1895இல் வெள்ளைக்காரன் எழுதிய சான்றுக் கட்டளைச் சட்டம்கூடப் பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதலை ஏற்கவில்லை. குடியேற்ற ஆட்சி கொடுத்த அந்தக் காப்பைச் சுதந்திர நாடு பறித்தது. நெஞ்சு கொதிக்கிறது, நடுவர் அவர்களே.

பாதுகாப்பு என்றீர்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்த 2019 ஏப்ரல் 21 காலையில் இந்தச் சட்டம் முழுப் பலத்தோடு இருந்தது. தாக்குதல் வரப்போகிறது என்ற புலனாய்வுத் தகவலும் முன்கூட்டியே வந்திருந்தது. எது குறைந்தது? சட்டமா, கடமையா? மூன்று வருடம் கழித்து, 2022 ஓகஸ்டில், அதே சட்டத்தில், அரகலய என்ற மக்கள் போராட்டத்தின் மாணவர் தலைவர்களைப் பிடித்தார்கள். தமிழருக்கென்று தீட்டிய கத்தி தெற்கிலும் பாய்ந்தது.

சர்வாதிகாரி சுகார்த்தோ விழுந்த மறு வருடம், 1999இல், இந்தோனேசியா தன் 1963ஆம் ஆண்டு நாசவேலைத் தடைச் சட்டத்தை நீக்கியது. மலேசியா 2012இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நீக்கி, 28 நாள் தடுத்துவைக்கும் புதுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெயரை மாற்றுவதை நாங்கள் நீக்கம் என்று சொல்லவில்லை.

எதிரணியிடம் ஒன்று கேட்கிறேன். அந்த வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கப்பட்டவரின் வழக்கை மீண்டும் விசாரிக்க உங்கள் திருத்தத்தில் எந்தப் பிரிவு இருக்கிறது? எண்ணைச் சொல்லுங்கள், நான் இறங்குகிறேன்.