எந்தக் கோயில்?

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் பால்மரத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். லயத்துக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு. அதில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். வெயில் ஏறியதும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட பூச்சி ஒன்று அந்த ஓட்டைகளுக்குள் போய் வரும். நாங்கள் குச்சியால் குத்தப் போவோம். பாட்டி விடமாட்டார். "அது வந்தாத்தான்டா கத்தரி காய்க்கும்" என்பார்.

பாட்டி சொன்னது சரிதான். கத்தரிப் பூவில் மகரந்தம் ஒரு குழாய்க்குள் இருக்கிறது. அதன் நுனியில் சிறு துளை. இந்தப் பூச்சி பூவைக் கவ்விக்கொண்டு, பறக்கும் தசைகளை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்த்துவிடும். கூட்டில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. இதுவும் தேனீதான், அமெஜில்லா என்ற பேரினத்துப் பிள்ளை. பேரினம் என்றால் நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம். ராணி கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனக்கென ஒரு குழி தோண்டி முட்டையிடும்.

பிறகு நான் ஆசிரியரானேன். இந்தப் பூச்சிகளைப் பிடித்து, ஊசி குத்தி, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பூச்சிகளைப் படித்த ஒருவர் வந்து பார்த்தார். "எங்கே பிடித்தது? எந்த மாதம்?" என்று கேட்டார். நான் எழுதி வைக்கவில்லை. பெட்டியை மெதுவாக மூடிவிட்டார். அன்று கோபம் வந்தது. அவர் கேட்டது ஏன் என்று புரியப் பல வருடம் ஆனது.

ஐரோப்பாவின் மண் தேனீக்களைப் படித்தபோதுதான் புரிந்தது. ஆண்ட்ரீனா என்ற அந்தப் பேரினத்தில் 1,500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள், நம் செம்பனைக் காட்டில் தேட வேண்டாம். சாம்பல் பட்டை போட்ட ஒன்றுக்கு ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758இல் சினெரேரியா என்று பெயர் வைத்தார். ஆல்ப்ஸ் மலையில் அதைப் போலவே இருந்த ஒன்றுக்கு 1805இல் ஜெர்மன் பூச்சி அறிஞர் பான்சர் வேறு பெயர் வைத்தார், பார்பரியே என்று. இது தனி இனமா, மலையில் வளர்ந்ததால் கொஞ்சம் மாறிய அதே இனமா? அந்த வழக்கு நெடுங்காலம் ஓடியது. எந்த மலை, எந்த மாதம் என்ற குறிப்பு இல்லாவிட்டால் வழக்கே நடத்த முடியாது.

மாதமும் முக்கியம். வருடத்துக்கு இரண்டு தலைமுறை பறக்கும் இனங்கள் உண்டு. வசந்தத்தில் வருவதும் கோடையில் வருவதும் பார்க்க ஒன்றுபோல இருக்காது. 1775இல் டென்மார்க் பூச்சி அறிஞர் ஃபப்ரீசியஸ் ஒன்றுக்கு பைகலர் என்று பெயர் வைத்தார். 1802இல் இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் கிர்பி ஒன்றுக்கு குவைனானா என்றார். இன்று இரண்டும் ஒன்றே, பைகலர்தான்.

அதே கிர்பிதான் இன்னொரு வேடிக்கையையும் கண்டார். தேனீயின் வயிற்றுத் தகடுகளுக்கு நடுவே ஒட்டுண்ணி ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஸ்டைலாப்ஸ் என்று பெயர் வைத்தார். இது புகுந்த தேனீயின் உருவமே குழம்பிவிடும். பெண்ணுக்குக் காலில் மகரந்தம் சுமக்கும் முடி குறையும், சில இனங்களில் முகத்தில் ஆணின் மஞ்சள் வரும். நோயாளியைப் புது இனம் என்று அறிவித்தவர்களும் உண்டு! அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் அறிவித்திருப்பேன்.

முடியின் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. வெயிலில் சில வாரம் பறந்தால் பழுப்பு வெளுத்துவிடும். அதனால் இறக்கை நரம்பு, முகத்தில் கண்ணோரமாக இருக்கும் வெல்வெட் குழி, ஆணின் பிறப்புறுப்பு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். இப்போது மரபணுவில் சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டையும் ஒப்பிடுகிறார்கள்.

நம் நீலப் பட்டைக்காரர்கள் கதையும் இதேதான். லின்னேயஸ் கொடுத்த ஸோனாட்டா என்ற பெயரை ஆசியாவில் பல ஊர்ப் பூச்சிகளுக்கும் ஒட்டிவிட்டார்கள். பிறகு உட்கார்ந்து பிரிக்க வேண்டியதாயிற்று.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை மைலோ டின்னில் ஒன்றைப் பிடித்து வந்தாள். "தாத்தா, இது என்ன?" என்றாள். நான் பெயர் சொல்லவில்லை. எங்கே பிடித்தாய் என்றேன். "கோயிலுக்குப் பின்னாடி" என்றாள்.

நம் ஊரில் எத்தனை கோயில் என்று உங்களுக்குத் தெரியும். பென்சிலை எடுத்துக்கொண்டு, "எந்தக் கோயில்?" என்று கேட்டேன்.