ஏற்றத்தில் நின்றுபோன 35 வீதம்

வணக்கம் நேயர்களே. பெட்டரிக்குக் கணினிக்குள் செய்யும் 'டிஜிட்டல் இரட்டை'யைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் நோர்வூட் ரோட்டில் நடந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன்.

என் அண்ணன் மின்சார ஓட்டோ ஓட்டுகிறார். ஒருநாள் விடியற்காலை, நல்ல குளிர், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போயிருக்கிறார். திரையில் 35 வீதம் காட்டுகிறது. வளைவில் கொஞ்சம் கூடுதலாக முறுக்கியதும் வண்டி அப்படியே அணைந்து நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைப் போட்டால் மறுபடியும் அதே 35! ஏறியவர்கள் இறங்கி நடந்துவிட்டார்கள்.

கராஜில் பெட்டியைத் திறந்தோம். உள்ளே 16 செல், லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகை. வண்டி சும்மா நிற்கும்போது மீட்டரை வைத்தால் ஒவ்வொரு செல்லும் 3.28, 3.29 வோல்ட் என்று ஒரே சீராக இருக்கிறது. அப்புறம் வயரை வெளியே இழுத்து, நான் பின்சீட்டில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார, அண்ணன் அதே ஏற்றத்தில் ஓட்டினார். 15 செல் 3.1-க்கு மேலேயே நின்றன. ஏழாவது செல் மட்டும் என் கண் முன்னாலேயே 2.5-க்குக் கீழே விழுந்தது. அந்த ஒன்றைக் காப்பாற்றத்தான் பெட்டரியை மேற்பார்க்கும் பி.எம்.எஸ். மொத்தத்தையும் நிறுத்தியிருக்கிறது. நிறுத்தியது சரி. 35 என்று காட்டியதுதான் பிழை.

ஏன் பிழைக்கிறது? இந்த வகை செல்லில் 30 வீதத்துக்கும் 70 வீதத்துக்கும் இடையில் வோல்ட் 0.1 கூட மாறுவதில்லை, அதனால் வோல்ட்டை மட்டும் பார்த்து மீதியைச் சொல்ல முடியாது. ஆகவே உள்ளே போன கரண்ட் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று பி.எம்.எஸ். கணக்கு வைக்கிறது. கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் பிசகினால் மாதக் கடைசியில் செக்ரோல், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவு, எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் டிஜிட்டல் இரட்டை வருகிறது. உங்கள் வண்டியிலிருக்கும் அதே பெட்டரிக்கு கணினிக்குள் ஒரு கூடப்பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான செல்லில் ஓடும் கரண்டை அதற்கும் கொடுப்பார்கள், 'இந்த நேரம் வோல்ட் இவ்வளவு இருக்க வேண்டும்' என்று அது ஒரு கணக்குச் சொல்லும், அளந்த வோல்ட் வேறாக இருந்தால் அந்த வித்தியாசத்தை வைத்துத் தன்னையே திருத்திக்கொள்ளும், இப்படி விநாடிக்கு விநாடி. திருத்துவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது 1960-இல் பொறியியலாளர் ருடால்ஃப் கால்மான் எழுதிய 'வடிகட்டி' என்ற கணக்கு முறை, சந்திரனுக்குப் போன அப்பல்லோ விண்கலங்களுக்கு வழி கணித்த அதே முறை. செல்லின் உள்தடை, அதாவது கரண்ட் ஓடுவதை உள்ளேயே மறிக்கும் தடை, மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போவது இப்படித்தான் தெரியவரும். செல்லுக்குச் செல் தனித்தனியாகப் பார்க்கும் இரட்டை ஒன்று இருந்திருந்தால், ஏழாவது செல் தளர்வது அண்ணனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

நம் மலைநாட்டுக்கு இது ஏன் கூடுதலாக வேண்டும்? குளிரில் உள்தடை கூடும். நுவரெலியாவில் தை, மாசி விடியலில் சில நாள் புல்லில் உறைபனி படிகிறது. 0 பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். பி.எம்.எஸ்.ஸின் வெப்பமானி ஒட்டியிருப்பது செல்லின் வெளிப்பக்கத்தில், உள்ளே எவ்வளவு என்பதை இரட்டைதான் கணித்துச் சொல்ல முடியும்.

இறக்கமும் லேசுப்பட்டதில்லை. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீட்டர், கண்டி சுமார் 500. ஒன்றரை டன் கார் ஒன்று ரம்பொடை வழியாக இறங்கினால் அந்த உயரத்தில் மட்டும் சுமார் 5.6 யூனிட் மின்சாரம் அளவு சக்தி இருக்கிறது. டயரும் காற்றும் தின்றது போக மீதியை மோட்டார் பிரேக் பிடிக்கும்போது பெட்டரிக்குத் திருப்பலாம், ஆனால் மேலேயே 100 வீதம் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அது போக இடமில்லை, பிரேக் கட்டைதான் தேயும். பாதை தெரிந்த இரட்டை என்றால் '85-இல் நிறுத்து, மிச்சத்தை இறக்கம் தரும்' என்று சொல்லும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். செல்லோடு வரும் விவரத்தாள்கள் பெரும்பாலும் 25 பாகையில் ஆய்வுகூடத்தில் அளந்தவை. அதை மட்டும் நம்பிக் கட்டிய இரட்டைக்கு நம் ஏற்றமும் தெரியாது, நம் குளிரும் தெரியாது. நம் ரோட்டில் ஓடும் வண்டிகளின் அளவுகள் அதற்குள் போக வேண்டும். மலைக்குப் பின்னால் சிக்னல் விழாத இடங்களில் வண்டியே சேமித்து வைத்து, டவுனுக்கு வந்ததும் அனுப்புகிற மாதிரி செய்ய வேண்டும். ஹட்டனிலும் பதுளையிலும் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகளால் இதைச் செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அண்ணன் செல்லை மாற்றிவிட்டார். இப்போது சீட்டுக்கு அடியில் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். எங்கே சார்ஜ் போட்டது, எத்தனை பேர் ஏறினார்கள், எந்த ஏற்றத்தில் எத்தனை வீதம் இறங்கியது, அன்று மழையா குளிரா, எல்லாம் எழுதுகிறார். போன வாரம் அதை வாங்கிக் கணினியில் ஏற்றத் தொடங்கியிருக்கிறேன். நன்றி, வணக்கம்.