ஒன்பது மாகாணம், எட்டு ஓட்டம்

(கொட்டகலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இளைஞர்கள் கூட்டமொன்றில் பேசியது. பேசினபடியே, அங்கங்கே மட்டும் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பரவாயில்லை, நான் வாத்தியார், மைக் இல்லாமல் கத்திப் பழக்கம் உண்டு.

தேயிலைத் தோட்டத்தில் ஒருவன் விடியாத நேரத்தில் ஓடினால் அதற்கு இரண்டே அர்த்தம்தான். யாருக்கோ முடியவில்லை, இல்லையென்றால் யாரோ போய்விட்டார்கள். நான் முதல் தடவை நாலரை மணிக்கு லயத்து வரிசை வீட்டிலிருந்து இறங்கி ஓடிய அன்று மேல் லயத்துப் பெரியம்மா கதவைத் திறந்து "யாருக்குப்பா என்ன?" என்று கேட்டார். ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை பெரியம்மா, சும்மாதான் ஓடுறேன் என்றேன். நம்பவில்லை. நேரே எங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விசாரித்துவிட்டுத்தான் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போயிருக்கிறார். அன்றைக்கு மலையில் கொழுந்து எடுத்த அத்தனை பேருக்கும் பேச்சு என்னைப் பற்றித்தான், வாத்தியார் பொடியனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 50 மாநிலம் இருக்கிறது இல்லையா, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு மரதன் ஓடி முடிப்பதையே வாழ்க்கையின் வேலையாக வைத்திருக்கிற ஆட்கள் அங்கே ஏராளம். பத்து வருஷம், இருபது வருஷம் எடுத்து, லீவு கிடைக்கும்போதெல்லாம் ஒரு மாநிலத்தை முடித்து, வரைபடத்தில் நிறம் தீட்டிக்கொண்டே போவார்கள். டீன் கர்னாசிஸ் என்பவர் 2006இல் இதை 50 நாளில் முடித்தார், ஒரு நாளைக்கு ஒரு மாநிலம், ஒரு மரதன், செப்டெம்பர் 17இல் தொடங்கி நவம்பர் 5ஆம் திகதி நியூயோர்க்கில் கடைசி ஓட்டம். இதை நான் பஸ்ஸில் வரும்போது போனில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் விரல் தானாக எண்ணத் தொடங்கிவிட்டது. மத்திய, ஊவா, சப்ரகமுவ, மேல், தெற்கு, வடமேல், வடமத்திய, கிழக்கு, வடக்கு. ஒன்பது மாகாணம், ஒவ்வொன்றிலும் ஒரு மரதன்.

2006 கடைசி வரைக்கும் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாண நிர்வாகமாக இருந்தன, 2007 ஜனவரியில்தான் பிரித்தார்கள். கொஞ்சம் முந்திப் பிறந்திருந்தால் எட்டோடு வேலை முடிந்திருக்கும். வெள்ளைக்காரன் 1833இல் போட்ட கணக்குப்படி என்றால் ஐந்துதான்! சரி, ஒன்பதே இருக்கட்டும், மொத்த இலங்கையே 65,610 சதுர கிலோமீற்றர், அமெரிக்காவில் இதைவிடப் பெரிய மாநிலங்கள் எத்தனையோ, இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் இவ்வளவுதான். முழுத்தூரமும் ஒரே மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், நடக்கலாம், உட்காரக் கூடாது. போட்டி இருந்தால் போட்டியில் ஓடுவது, இல்லாவிட்டால் தனியாக. தூரம் 42.195 கிலோமீற்றர், அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. இந்த 195 மீற்றர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடியும்படி பாதை போட்டார்கள், அந்தத் தூரத்தையே 1921இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். அவர்கள் சொகுசாக உட்கார்ந்து பார்க்க, நூறு வருஷம் கழித்தும் நாங்கள் கடைசி ஒரு கிலோமீற்றரில் பல்லைக் கடிக்கிறோம்.

முதல் ஓட்டம் 2018இல் கொழும்பு. மலைக்காரனுக்கு மூச்சு பலம், கால் பலம், கொழும்பு ரோட்டில் ஏற்றமே இல்லை, பறந்துவிடுவேன் என்று போனேன். வெயிலை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. எங்கள் ஊரில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்து உடம்பு குளிர்ந்துவிடும். அங்கே காற்றிலேயே ஈரம், வியர்வை காயாது, சும்மா வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு உள்ளே கொதிக்கும். 30 கிலோமீற்றர் வரை ஓடினேன். தசையில் சேர்த்து வைத்திருக்கிற கிளைக்கோஜன் என்ற எரிபொருள் பெரும்பாலானவர்களுக்கு அந்த இடத்தோடுதான் தீர்கிறது, அதற்குப் பிறகு கால் இருக்கும், நம் சொல் கேட்காது. போதாததற்கு எங்களைப் போல் பிந்தி வந்தவர்களுக்கு மேசையில் வெறும் போத்தல்தான் மிச்சம். நடத்தியவர்கள் யார் என்று சொல்லப் போவதில்லை, அவர்கள் சட்டையைக் கழுவி மடித்து இன்னும் வைத்திருக்கிறேன். கடைசியில் ஒரு தெருவோரக் கடை அம்மா இளநீர் வெட்டித் தந்து, காசு வாங்காமல், "முதலில் போய் முடி மகன்" என்று சிங்களத்தில் சொன்னார். 5 மணி 48 நிமிஷம்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பயிற்சி. மத்திய மாகாணத்தை வீட்டு வாசலிலேயே முடித்தேன், தலவாக்கலையில் தொடங்கி லிந்துலை, நானுஓயா, நுவரெலியா, மிச்சத் தூரத்துக்கு கிரகரி வாவியைச் சுற்றிச் சுற்றி. பெப்ரவரி மாதம், புல்லெல்லாம் உறைபனி வெள்ளை. கை விறைத்து ஜீவனி உப்புத்தூள் பக்கெட்டைக் கிழிக்க முடியாமல் பல்லால் கிழித்தேன். அவ்வளவுதான், சொல்ல வேறொன்றும் இல்லை.

ஊவாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹப்புத்தளையிலிருந்து பெரகல, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய வரைக்கும். தொடங்குகிற இடம் 1,400 மீற்றருக்கு மேலே, முடிகிற இடம் கிட்டத்தட்ட சமதரை. நண்பர்கள் எல்லாம் "முழுக்க இறக்கம், உருண்டே போயிடலாம்" என்றார்கள். தம்பிமாரே, யார் உங்களிடம் இறக்கம் சுகம் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்யும், வலித்தாலும் பெரிதாகச் சேதம் இல்லை. இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும், அதில்தான் நார் நாராகக் கிழிகிறது. கூடை நிறையக் கொழுந்தோடு செங்குத்து மலையில் இறங்குகிற அம்மாமாரிடம் கேளுங்கள், முட்டி எதில் போனது என்று. நான் புத்தகத்தில் படித்ததை எங்கள் அம்மா ஒரே வரியில் சொன்னார்: "ஏத்தம் மூச்ச வாங்கும், எறக்கம் முட்டிய வாங்கும்."

அந்தப் பாதையில் கொஸ்லந்தைக்கு மேலேதான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்சரிந்து லயங்களை மூடியதே, அந்த இடம். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சில பிள்ளைகளுக்கு வீட்டில் ஆளும் இல்லை. அங்கே வந்ததும் நான் கடிகாரத்தை நிறுத்தவில்லை, சட்டத்தை மீறவில்லை, நடந்தேன். பைக்கில் கூட வந்த மச்சானும் எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டே வந்தார். இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் தியலும நீர்வீழ்ச்சி தெரிகிற வளைவில் அவர்தான் முதலில் வாயைத் திறந்து "தண்ணி வேணுமா?" என்றார். வெல்லவாயவில் முடித்து பஸ் ஏறப் போனால் படி ஏற முடியவில்லை. கொண்டக்டர் என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டார். நாலு நாள் பள்ளிக்கூடப் படிகளில் பின்பக்கமாக இறங்கினேன், பிள்ளைகள் அதையும் செய்து காட்டிச் சிரித்தார்கள்.

சப்ரகமுவ, பலாங்கொடையிலிருந்து இரத்தினபுரி, முழுக்க மழை. சப்பாத்தைக் கழற்றினால் அட்டை. தெற்கு, காலிக் கோட்டையிலிருந்து மாத்தறைப் பக்கம், கடற்கரையோரம், உண்மையிலேயே அழகு, ஆனால் அந்த பஸ்காரர்களுக்கு ஓடுகிறவன் மனிதனாகவே தெரிவதில்லை. வடமேலில் சிலாபத்துத் தென்னந்தோப்புகள். வடமத்தியில் ஒரு சிக்கல் வந்தது. வெயிலுக்குப் பயந்து மூன்று மணிக்கே தொடங்கலாம் என்றால், அங்கே இருட்டில் ரோட்டுக்கு யானை வரும். விடிந்த பிறகு தொடங்கினால் வெயில் கொல்லும். கடைசியில் அனுராதபுரத்தில் டவுனுக்குள்ளேயே, குளக்கட்டிலேயே திரும்பத் திரும்பச் சுற்றினேன். ஏழாவது சுற்றில் மீன் விற்கிற ஐயா "எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

கிழக்கு 2022இல். கல்லடிப் பாலத்தில் தொடங்கி காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று தெற்கே. அது பெற்றோல் இல்லாத காலம், கியூஆர் பங்கீடு வந்த புதிது, பைக்குக்கு வாரத்துக்கு 4 லீற்றர். கூட வருகிற பைக்குக்காக மச்சான் இரண்டு வாரப் பங்கைச் சேர்த்து வைத்திருந்தார், அந்த இரண்டு வாரமும் அவர் வேலைக்கு நடந்து போனார். மெடல் கொடுப்பதென்றால் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

காசு பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். 2021இல் தோட்டச் சம்பளம் நாளுக்கு 1,000 ரூபா ஆனது. அந்த வருஷம் நான் வாங்கிய சப்பாத்து 18,000. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்ததும் அம்மா பெட்டியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, விரலை மடக்கிக் கணக்குப் பார்த்ததை நான் பார்த்தேன். பதினெட்டு நாள் கொழுந்து. அந்தச் சப்பாத்தைக் கிழியும்வரை போட்டேன், கிழிந்த பிறகும் தைத்துப் போட்டேன். அதனால் இதை ஏழையும் செய்யலாம், காசே வேண்டாம், மனசிருந்தால் போதும் என்றெல்லாம் நான் பேச மாட்டேன். பஸ் காசு, சப்பாத்து, லீவு மூன்றும் வேண்டும்.

இப்போது பேசத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு தங்கச்சி வந்து கேட்டா, "சேர், நான் நாலரைக்கு ஓடலாமா?" என்று. எனக்கு உடனே பதில் வரவில்லை. நாய்க்குக் கல் எடுத்தால் போதும், மற்றதுக்கு? என்னால் இருட்டில் தனியாக ஓட முடிந்தது நான் ஆம்பிளை என்பதால், அதை என் திறமைக் கணக்கில் எழுத முடியாது. மூன்று நாலு பேராகச் சேர்ந்தால் மைதானத்துக்கு நான் வருகிறேன் தங்கச்சி, டோர்ச்சும் கொண்டுவருகிறேன், செவ்வாயும் வெள்ளியும்.

மிச்சம் வடக்கு ஒன்றுதான். வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். தலைமன்னார்த் துறையில் தொடங்கி, மன்னார் டவுன், பாலம் தாண்டி, திருக்கேதீஸ்வரம் பக்கம் முடிகிற மாதிரிப் பாதை பார்த்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள் அந்தக் கரையில் இறங்கி காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள், வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 2023இல், அவர்கள் வந்த 200 வருஷ நினைவாக, ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12வரை மாத்தளைக்கு நடந்தார்களே, இங்கே உட்கார்ந்திருக்கிற இரண்டு அக்காமாரும் அதில் போனவர்கள். அவர்கள் 16 நாள் நடந்த வழியில் நான் ஓடப்போவது ஒரு காலைப்பொழுது, கையில் தண்ணீர்ப் போத்தலோடு. அதனால் அதைப் பெரிதாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பெப்ரவரியில் போகலாம் என்று நினைக்கிறேன், மாரி மழை விட்டிருக்கும், வெயிலும் முற்றியிருக்காது. மன்னாரில் தங்க இடம் இருக்கிறது. ஓடுவதற்கு ஆள் வேண்டாம், கூட பைக்கில் வர ஒருவர் வேண்டும். லைசென்ஸ் இருக்க வேண்டும், மணிக்கு 7 கிலோமீற்றர் வேகத்தில் ஆறு மணித்தியாலம் ஓட்டுகிற பொறுமையும் வேண்டும். மச்சானுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இனி அவரைக் கேட்க முடியாது. கேட்டும் பார்த்தேன்.