மேக்கில் ஒரு பூட்டுப் பெட்டி: இமேஜா, பண்டிலா?

வணக்கம். இன்றைக்கு மேக்கில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுகிற டிஸ்க் இமேஜ், அதாவது திறந்தால் தனி டிரைவ் போல வருகிற ஒரு ஃபைல் பெட்டி. நிலப் பத்திர ஸ்கேன், வரிக் கணக்கு, குடும்ப வீடியோ எல்லாவற்றையும் நான் இதில்தான் போட்டு வைக்கிறேன்.

மேக்கோடு வரும் டிஸ்க் யுடிலிட்டி ஆப்பைத் திறக்கிறேன். ஃபைல், நியூ இமேஜ், பிளாங்க் இமேஜ். என்கிரிப்ஷனில், அதாவது பூட்டும் முறையில், ஏஇஎஸ் 128 பிட், 256 பிட் என்று இரண்டு கேட்கும். இங்கே மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், 256 போடுங்கள். பாஸ்வேர்டே பிறந்த தேதி என்றால் எதைப் போட்டும் பயனில்லை.

யோசிக்க வேண்டியது கீழே, இமேஜ் ஃபார்மேட்டில். ஸ்பார்ஸ் வகையில் 100 ஜிபி என்று கொடுத்தால் அது உச்சவரம்பு மட்டும்தான். உள்ளே போடப் போடத்தான் வளரும். அதிலும் இரண்டு உண்டு. ஸ்பார்ஸ் இமேஜ் ஒரே ஃபைல். ஸ்பார்ஸ் பண்டிலும் பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் ரைட் கிளிக் செய்து ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ் கொடுக்கிறேன், பாருங்கள்: பேண்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஏறக்குறைய 8 எம்பி அளவில் துண்டு துண்டாக ஃபைல்கள்.

முதலில் நான் ஸ்பார்ஸ் இமேஜ்தான் வைத்திருந்தேன், 40 ஜிபி. உள்ளே ஒரு ஸ்கேனின் பெயரை மாற்றினாலும் போதும், என் ஆன்லைன் பேக்கப் 40 ஜிபியையும் முதலிலிருந்து ஏற்றும். விடிய விடிய ஓடும். பண்டிலுக்கு மாறியதும் மாறிய துண்டுகள் மட்டும் போகின்றன, சில நிமிட வேலை. 2007-ல் லெப்பர்டு என்ற மேக் ஓஎஸ் பதிப்போடு வந்த ஃபார்மேட் இது. மேக்கின் சொந்த பேக்கப் வசதியான டைம் மெஷின் நெட்வொர்க் வழியாக எடுக்கும் பேக்கப்பும் பண்டிலில்தான் உட்காருகிறது.

சரி, தொல்லை இல்லையா? இருக்கிறது. ஒரே பண்டிலை இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போய், மொத்தமும் கெடலாம். எஜெக்ட் செய்து, சிங்க் முடிந்த பிறகே அடுத்த கணினிக்குப் போங்கள். பென் டிரைவில் ஒருமுறை போட்டு வைப்பதற்கு நான் இன்றும் ஸ்பார்ஸ் இமேஜ்தான்.

அப்புறம், உள்ளே அழித்தாலும் பெட்டி தானாகச் சுருங்காது. கட்டளை தட்டும் டெர்மினல் ஆப்பில் ஹெச்டிஐயுடில் காம்பாக்ட் (hdiutil compact) கட்டளை கொடுக்க வேண்டும். விண்டோஸிலும் திறக்க வேண்டுமா? இரண்டிலும் ஓடும் வெராகிரிப்ட் என்ற பூட்டு மென்பொருள் பக்கம் போய்விடுங்கள்.

இதோ, பாஸ்வேர்டைக் கீசெயினில், அதாவது மேக்கே பாஸ்வேர்டுகளை நினைவில் வைக்கும் இடத்தில், வைக்கவா என்று கேட்கிறது. இந்த லேப்டாப்பைப் பிள்ளைகளும் எடுப்பார்கள், அதனால் டிக்கை எடுத்துவிடுகிறேன். மறந்தால் ஆப்பிளாலும் திறந்து தர முடியாது. எனவே தாளில் எழுதி, பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்.